ராகு காலமும் ரவாங் வேனும்

கூட்டிய வாசலையே நல்லம்மாள் மறுபடி கூட்டிக்கொண்டிருந்தாள். கோல சிலாங்கூர் டவுனிலிருந்து ரவாங், சுங்கை சோ, ராசா ஊர்க் கடைகளுக்குப் போகவேண்டிய தைப்பூச முறுக்கு டின்கள் கூடத்தில் ஆள் உயரத்துக்கு நின்றன. ஒன்பது மணிக்கே வருவதாகச் சொன்ன ரவாங் கம்பெனி வேனைக் காணோம். வெள்ளிக்கிழமை, நல்ல நாள். ராகு காலத்துக்கு முன்னே புது ஆளிடம் முதல் டின்னைக் கொடுத்துவிட்டால், மதியம் பழைய வேன்காரர் தங்கராஜு வரும்போது கூடம் காலியாகியிருக்கும். ஒரு வாய் காப்பியைக் கொடுத்து, இனி வேறு வேன் என்று பக்குவமாகச் சொல்லிவிடலாம். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வாய் வந்தால்தானே அம்மா!

தங்கராஜு கெட்டவரில்லை. ஆனால் வழியில் கல்யாணமென்றால் இறங்கிச் சாப்பிடுவார். சாவென்றால் இறங்கி நின்றுவிடுவார். சரக்கு மறுநாள் போகும், நொறுங்கியும் போகும். தீபாவளி முடிந்து வந்த டின்களை ராசா கடைக்காரர் அப்படியே திருப்பிவிட்டார். இன்னொரு தரம் இப்படியானால் வேறு முறுக்கு பார்த்துக்கொள்வேன் என்றும் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் உலை கொதிப்பதே முறுக்கை நம்பித்தான்.

வேன் வந்தபோது மணி பத்தே முக்கால். சட்டையை உள்ளே விட்ட டிரைவர் வாசு, இறங்கும்போதே கையைத் தேய்த்துக்கொண்டான்.

"ஏத்தலாமாக்கா?"

"ராகு காலம் வந்துருச்சேப்பா. பத்தரைலருந்து பன்னெண்டு."

"அது பழைய மணிக்குலா! இப்ப பதினொண்ணுக்குத்தான் ஆரம்பிக்கும். மடமடன்னு ஏத்திரலாம்."

அந்த வருஷப் பிறப்புக்குத்தான் மலேசிய அரசாங்கம் கடிகாரத்தையெல்லாம் அரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தது. ஆபீசும் பள்ளிக்கூடமும் சொன்ன பேச்சைக் கேட்டன. ராகு கேட்டானா என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. கோயில் ஐயர் ஒன்று சொன்னார், பக்கத்து வீட்டுக் கலாவதி ஒன்று சொன்னாள்.

"ரெண்டு கணக்கும் கழியட்டும்பா. பன்னெண்டரைக்கு ஏத்துவோம்."

"ராகுவுக்கு ஓவர்டைம் குடுத்துட்டீங்க!" வாசு சிரித்தான். "பன்னெண்டரைக்கு மேல நிக்க மாட்டேன்க்கா. எனக்கு வேற கடையெல்லாம் இருக்கு."

நல்லம்மாள் உட்கார்ந்தாள், எழுந்தாள், சரியாக இருந்த மூடிகளை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பன்னிரண்டடித்துக் கொஞ்ச நேரத்தில் தங்கராஜுவின் வேன் இருமிக்கொண்டே வந்து நின்றது. இறங்கியவர் புது வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"யாரு தங்கச்சி இது?"

அவள் ஒரு மூடியை இன்னொரு தரம் அழுத்தினாள். வாசுதான் சொன்னான். "ரவாங் பக்கம் இனிமே நாங்கதாண்ணே. ராகு காலம் முடியட்டும்னு அக்கா உக்கார வெச்சிருக்காங்க."

தங்கராஜு சிரித்தார். சிரிப்பு முகத்தில் தங்கவில்லை.

"எங்கிட்ட மொத டின்னு குடுத்தப்ப நேரமா பாத்தே? ஒன் வீட்டுக்காரருக்குக் கருமாதி முடிஞ்ச மறுநாளு. அடுப்ப நீ பத்த வெச்சே, டின்ன நான் வேன்ல தூக்கி வெச்சேன்."

"அண்ணே, தீபாவளிக்கு ராசாவுக்கு நீங்க போகலியே..."

"போகல. ஒரு சாவு. நின்னுட்டேன்." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "ஒன் வீட்டுச் சாவுக்கும் அப்படித்தானே நின்னேன்."

மூன்று நாள் நின்றார். பாடை கட்டினார், வந்தவர்களுக்கு டீ ஊற்றினார். அந்த மூன்று நாளும் யாருடைய சரக்கு எந்தக் கடைக்குப் போகாமல் கிடந்ததோ! அவள் இதுவரை அதை நினைத்ததே இல்லை.

வாசு கைக்கடிகாரத்தில் பன்னிரண்டரையைப் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்தான். தங்கராஜுவும் தன் வேனின் கதவைத் திறந்து, துண்டால் உள்தரையைத் தட்டிவிட்டார், வழக்கமாகச் செய்வதுதான்.

நல்லம்மாள் மேல் டின்னை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். செருப்பைத் தேடத் தோன்றவில்லை. உச்சி வெயிலில் காய்ந்த சிமிட்டித் தரையில் வெறுங்காலோடு இறங்கி, திறந்து கிடந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவே, சுட்ட காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள்.