செத்த இருங்க

உலக வரலாற்றிலேயே முதன்முறையாக, மனிதர் எவரும் படிக்கத் தேவையில்லாத ஒரு நூல் தமிழில் இயற்றப்பட்டு, கோவில்பட்டி பழைய பேருந்து நிலையத்தருகே, செருப்புக் கடை மாடியில் நிறைவுபெற்றது என்பதைப் பெருமிதத்துடன் அறிவிக்கிறேன். இயற்றியவன் நான். படிக்க வேண்டியவர்கள் ஏஜென்ட்டுகள்.

ஏஜென்ட் என்றால் எங்கள் ஊரில் தீப்பெட்டி விற்றுக் கமிஷன் வாங்குகிறவர். இவர்கள் வேறு. கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியிருக்கும் செயற்கை அறிவுக்காரர்கள். பழைய புரோகிராம் ஒன்றைக் கொடுத்தால், அது செய்கிற வேலை மாறாமல், உள்ளே இருக்கும் கிறுக்கலை மட்டும் திருத்தி எழுதித் தருவார்கள். அதற்கான கருவியை யோகராஜின் கம்பெனி செய்திருந்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஏஜென்ட்டுகளுக்குக் கையேடு எழுதுவது என் உத்தியோகம். யோகராஜ் வயதில் சிறியவர், பேச்சில் பெரியவர். "நாம சாஃப்ட்வேர் பண்ணல சார், நாகரிகம் பண்ணுதோம்" என்பார். மாடியில் கக்கூஸ் கிடையாது. நாகரிகம் பண்ணுகிறவர்கள் அனைவரும் அவசரத்துக்குப் பேருந்து நிலையம் போய் வந்தோம்.

கையேட்டின் எட்டாம் அத்தியாயத்தில் ஒரு விதி: ‘செத்த பகுதிகளைத் தயங்காமல் நீக்குக.’ யாரும் கூப்பிடாமல், ஒரு பயனும் இல்லாமல் புரோகிராமில் கிடக்கும் வரிகளை அந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘பயனற்ற’ என்று எழுதியிருக்கலாம். ‘செத்த’வில் ஒரு கம்பீரம் இருப்பதாக எனக்குப் பட்டது.

முதல் சோதனைக்கு, சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸில் (எங்கள் ஊரில் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்) பில் போடும் புரோகிராமைக் கேட்டோம். "ஏஜென்ட்டா? எந்த ஊர்க்காரன்? கமிஷன் என்ன கேப்பான்?" என்றார் அண்ணாச்சி. கமிஷன் இல்லை என்றதும் நாகரிகத்துக்குச் சம்மதித்தார்.

அந்தப் புரோகிராமை எழுதியவன் என் கூட்டாளி விஜயராஜ். இருபது வருஷத்துக்கு மேலிருக்கும். தீப்பெட்டி ஆபீஸின் பின்னறையில், மெழுகும் மருந்தும் கலந்த வாடையில், அவன் தட்டத் தட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றேன். கோடையில் காற்றடித்தால் கரிசல் புழுதி கீபோர்டுக்குள் இறங்கிவிடும். ஊதி ஊதித்தான் அடுத்த வரி. பிரிண்டர் பில்லைக் கேட்டதும் கொடுக்காது, முனகி முனகி அப்புறம்தான் தாளை இழுக்கும். அதற்குள் வெளியே லாரிக்காரர் ஹாரன் அடிப்பார், அண்ணாச்சி பின்கழுத்தில் மூச்சுப் படும்படி வந்து நிற்பார். பில் போடப் புதிதாகச் சேர்ந்திருந்த ஆவுடைத்தாய் திரும்பிக்கூடப் பாராமல் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்வாள்: "செத்த இருங்க."

எங்கள் பக்கம் ‘செத்த’ என்றால் கொஞ்சம். விஜயராஜ் அதை அப்படியே ஏற்றினான். பிரிண்டர் தயாராக ஆகிற நேரத்தைக் கணக்குப் பண்ணி, அவ்வளவு நேரமும் திரையில், ஆங்கில எழுத்தில், ‘செத்த இருங்க’ என்று மினுங்கும். புரோகிராமில் அந்தப் பகுதிக்கு அவன் வைத்த பெயரும் அதுதான்.

"இனி ஒங்க வாய் வலிக்காதுல்லா" என்றான் அவளிடம்.

"அப்ப என்னய வேலைய விட்டு நிறுத்தவா இத எழுதுனீரு?" என்றாள்.

அடுத்த வைகாசியில் கல்யாணம். புரோகிராம் எழுதப் போய்ப் பெண் பார்த்து வந்தவன் அவன் ஒருவன்தான்.

போன ஐப்பசியில், விதைப்பு முடிந்த வாரம், விஜயராஜ் போய்விட்டான்.

ஏஜென்ட் ஒரு கொட்டாவி விடும் நேரத்துக்குள் புரோகிராமைத் திருத்தி முடித்தது. மறுநாள் ஆவுடைத்தாய் மாடியேறி வந்தாள்.

"பில்லெல்லாம் வெரசா வருதுண்ணே. ஒண்ண மட்டும் காணும்." கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள். "அவிய சொல்லுத வார்த்தை."

"அது ஒம் வார்த்தைதானம்மா."

"நாஞ் சொன்னதுதான். அவிய திருப்பிச் சொல்லுதாவ. வீட்டுல போட்டோ இருக்கு. அதுல ஸ்டூடியோக்காரன் சிரிக்கச் சொன்னான்னு சிரிச்சிக்கிட்டு இருக்காவ. இதுதான் அவியளாச் சொன்னது."

ஏஜென்ட்டின் அறிக்கையைத் திறந்தேன். ‘எட்டாம் அத்தியாயத்தின்படி, செத்ததாகப் பெயரிலேயே அறிவித்திருந்த பகுதி நீக்கப்பட்டது.’ என் எழுத்தை ஒரு வரி விடாமல் படித்து, அப்படியே நம்பிய முதல் வாசகர்.

யோகராஜ் எட்டிப் பார்த்தார். "பிரிண்டர மாத்தி எவ்வளவோ நாளாச்சு சார். காத்திருக்க வேண்டிய அவசியமே இல்ல. ஏஜென்ட்டு பேரத் தப்பாப் படிச்சாலும் வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்கு." அவர் சொன்னது உண்மை. அதுதான் எரிச்சலாக இருந்தது. "நாளைக்குச் சென்னையிலருந்து ஆளு வாராங்க. எத்தன வரி கொறஞ்சிருக்குன்னுதான் பாப்பாங்க. இதத் திரும்பச் சேக்கச் சொல்லுதீங்களா? நாம என்ன..."

"செத்த இருங்க தம்பி" என்றாள் ஆவுடைத்தாய்.

வாய்ப்பழக்கத்தில் வந்ததுதான். சொன்னபிறகு அவளே அதைக் கேட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். யோகராஜ் நாகரிகத்தைப் பாதியில் நிறுத்தி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் கையேட்டில் ஒரு விதிவிலக்கு சேர்த்தேன்: ‘கரிசல் வழக்கில் செத்த என்பது கொஞ்சம். இறந்தது அல்ல.’ ஏஜென்ட் லேசில் விடவில்லை. பொருள் விளங்கியது, ஆனால் இந்தக் காத்திருப்பால் பயன் ஒன்றுமில்லையே, வைத்திருக்கக் காரணம் என்ன என்று கேட்டது. மரபு என்று எழுதி அழித்தேன். பண்பாடு என்று எழுதி அதையும் அழித்தேன். கடைசியில், ‘பில் போடுகிறவருக்கு வேண்டும்’ என்று அடித்தேன். சரி என்றது.

அன்று சாயங்காலமே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனேன். வெளியே லாரி நின்றது. ஆவுடைத்தாய் பொத்தானை அமுக்கிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் எழுத்து மினுங்கியது. அதன் வெளிச்சம் அவள் கண்ணாடியில் விழுந்து விழுந்து மறைந்தது.

"ஏஜென்ட்டு வச்சி என்னத்துக்கு, பில்லு பழையபடிதான நிக்கி" என்றார் பின்னால் வந்து நின்ற அண்ணாச்சி.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

அவ்வளவு நேரமும் பிரிண்டர் தயாராகத்தான் இருந்தது.