சாமி வராத நாள்

மூன்றாவது அடியில் அழகருக்கு முன்பல் இரண்டு விழுந்தன. கறுப்புச் சட்டைக்காரனை அடிக்க ஒரு காரணம் கிடைத்துவிட்ட குஷி வீரபாண்டிக்கு. உழவுகோலைத் திருப்பிப் பிடித்து விலாவில் குத்தினான். கோயில் புளியமரத்தில் கட்டப்பட்டுக் கிடந்தவன் ஒரே பேச்சைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"நான் ஒடைக்கல."

கருப்பசாமி திருவிழாவுக்குச் செய்து வைத்திருந்த மண்குதிரை, விடிந்து பார்த்தால் கழுத்து முறிந்து கிடந்தது. எருமை உரசியதோ, தானாகச் சாய்ந்ததோ, யாரும் பார்க்கவில்லை. சாமி இல்லை என்கிறவன் ஊரில் ஒருத்தன்தான். அப்புறம் விசாரணை எதற்கு? நாட்டாமை தவசி மட்டும் முறையை விடவில்லை. சாமி இறங்கிக் கைகாட்டட்டும், காட்டினால் உடைத்த கையை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். அப்பேர்ப்பட்ட நியாயஸ்தர்.

சாமியாடி ஒச்சாண்டிக்குச் சலங்கை கட்டி, கையில் அரிவாளைக் கொடுத்தார்கள்.

அவரும் அழகரும் பத்து வருஷமாக ஒரே கிணற்றில் பக்கத்துப் பக்கத்தில் கமலை இறைப்பவர்கள். மாடுகள் முன்னும் பின்னும் நடக்க, இவர்கள் வாய் ஓயாது. "கண்ணு வரையுற வரைக்கும் குதிரை வெறும் மண்ணுன்னு நீங்களே சொல்றீக. வரைஞ்ச பெறகும் மண்ணுதான்னு நான் சொல்றேன். கண்ணு வரையுற அந்த ஒரு நாள்தான மாமா நமக்குள்ள வித்தியாசம்?" என்பான் அவன். ஒச்சாண்டி சிரித்துவிட்டு மறுநாள் பதிலோடு வருவார்.

பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை ஒருநாள் அவனிடம் சொன்னார். சில வருஷம் சாமி வராது. ஊர் காத்திருக்கிறதே என்று கொட்டுக்கு ஆடிவிடுவார். அன்றைக்கெல்லாம் செத்துப்போகலாம் போலிருக்கும். அழகர் கேலி செய்யவில்லை. மாட்டை நிறுத்திவிட்டு, தன் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது சுருளி மலைக் கோயில் பக்கம் திரும்பித் தானும் கும்பிட்டதைச் சொன்னான். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருவிழா முடிந்ததும் "வந்துச்சா மாமா?" என்று கேட்பான். அவரும் உள்ளதைச் சொல்வார். மேடை மேடையாகச் சாமியைக் கிழித்தவன் அந்த ரகசியத்தை ஒரு மேடையிலும் எடுத்ததில்லை.

உறுமி முழங்கியது. ஒச்சாண்டி கண்ணை மூடிக் கூப்பிட்டுப் பார்த்தார். சாமி வரவில்லை. வராவிட்டால் என்ன, சாமி குரலில் 'இவனில்லை' என்று ஒரு வார்த்தை போதும், ஊர் விட்டுவிடும். நாக்கைத் துருத்தி, அரிவாளை ஓங்கி, மரத்தடிவரை ஆடியே போனார்.

அழகர் வீங்காத ஒரு கண்ணால் அவரைப் பார்த்தான். "வந்துருச்சா மாமா?" என்றான், அவருக்கு மட்டும் கேட்கும்படி. பழக்கதோஷம், பாவி.

எத்தனையோ வருஷம் ஊரையே ஏய்த்தவருக்கு அந்த ஒரு முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"வரல மாப்ள," என்றார் உரக்க. கொட்டு நின்றது. "சாமி வரல. நான் ஒச்சாண்டிதான் பேசுறேன். இவன் ஒடைக்கல."

"நீ பாத்தியா?" என்றார் தவசி.

"பாக்கல. அவன் சொல்றான், நம்புறேன்."

எங்கிருந்தோ வந்த கல்லில் அவர் நெற்றி புடைத்தது. வீரபாண்டி அரிவாளைப் பிடுங்கினான். கட்டை அறுத்து அழகரைக் கீழே தள்ளி, அவன் வலது கையை மரத்து வேரின்மேல் மிதித்துக்கொண்டு ஓங்கினான். அரிவாள் இறங்கிய இடத்தில் ஒச்சாண்டியின் கை இருந்தது. இரண்டு விரல்கள் தெறித்துக் கோயில் மண்ணில் விழுந்தன.

சாமியாடியின் ரத்தம் அந்த மண்ணில் விழுந்தால் ஊரே அழிந்துபோகும் என்று பயம். அத்தனை பேரும் சிதறி ஓடினார்கள். நியாயஸ்தர் தவசிதான் எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.

அழகர் தன் சட்டையைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றிக் கட்டினான். கட்டும்போதே அழுதான்.

"கையக் கொண்டாந்து வச்சது நீங்களா மாமா, இல்ல..." என்று தொடங்கி நிறுத்தினான்.

ஒச்சாண்டிக்கு வலியில் பல் கிட்டியது. அந்த வலியிலும் யோசித்துத்தான் பதில் சொன்னார். "தெரியல மாப்ள. கிட்டத்துல கெடந்தவன் நீ. ஒனக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

அழகர் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டான்.

"எனக்கும் தெரியல மாமா," என்றான்.