ப்ளூமெனாவில் ஒரு மியூனிக்

"விற்பனைக்கு" என்ற பலகை எப்படி நின்று பார்த்தாலும் படத்துக்குள் வந்து விழுந்தது. மற்றபடி வீட்டைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைச் சுவர், குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள், சன்னலோரம் சிவப்புப் பூத்தொட்டிகள். ஆனால் பலகை போர்த்துக்கீசிய மொழியில் இருந்தது, இடப்பக்கம் ஒரு வாழை வேறு இலையை நீட்டிக்கொண்டிருந்தது. எடிவான் ஈரப் புல்லில் முழங்காலிட்டு, கூரையும் ஒரு சன்னலும் மட்டும் தெரியும்படி கீழிருந்து எடுத்தான். "மியூனிக் பக்கத்துல ஒரு கிராமம், அம்மா" என்று எழுதி, ப்ளூமெனாவுக்குப் பக்கத்து ஊரான பொமெரோடியின் அந்தச் சன்னலைப் பெலெங்குக்கு அனுப்பி வைத்தான்.

நாட்டின் வடகோடியில், சொந்த ஊரான பெலெங்கில், அம்மா டார்சிலா அசாய் என்கிற ஊதாப் பழத்தைக் கடைந்து விற்கிறாள். மகன் பல்கலைக்கழகத்தில் படிப்பதே அந்தத் தெருவுக்குப் பெரிய விஷயம். மியூனிக்கில் ஒரு மாத மொழிப் பயிற்சிக்கு அவன் பெயர் வந்தபோது தெரு அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. புறப்படும் நாளில் வெடி வெடித்தார்கள், மீன் சுட்டார்கள், "எங்கள் எடிவான் ஜெர்மனிக்கு" என்று துணியில் எழுதி இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டினார்கள். கடைசி ஜெர்மன் பேச்சுத் தேர்வில் அவன் தோற்றதும், அவனுடைய இடம் வேறொருவருக்குப் போனதும் அதற்கு முந்தின நாளே நடந்துவிட்டன. அன்று காலையிலிருந்து சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். ஆனால் அந்தத் துணியைப் பார்த்த பிறகு சொல்ல மனம் வரவில்லை. எல்லோரும் வழியனுப்ப வந்துவிட்டார்கள், ஏதாவது ஒரு விமானத்தில் ஏறித்தான் ஆகவேண்டும். நாட்டின் தென்கோடியில், அந்தக் காலத்தில் ஜெர்மன்காரர்கள் வந்து குடியேறிய ப்ளூமெனாவுக்குப் போகும் விமானத்தில் ஏறினான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவனுடையது எட்டையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறைதான் கால் இடறியது. ஜூலை மாதம் ப்ளூமெனாவில் குளிர்காலம்; மேல்கோட்டும் கழுத்துத் துணியுமாக ஒரு படம் அனுப்பினான். ஜெர்மனியில் இப்போது வெயில் காலம்தானே என்று சித்தி கேட்டாள். மலைப்பக்கம் என்று சமாளித்தான். சித்தி நம்பினாள், அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதைவிடக் கஷ்டமான ஒன்றும் இருந்தது. அவன் சந்தோஷமாக இருந்தான். ஊரில் காலையில் எழுந்ததும் தெருவே தன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்வதுபோல் இருக்கும். இங்கே அவனை யாருக்கும் தெரியாது. பேருந்தில் ஏறினான், பிடித்த இடத்தில் இறங்கினான். ஆப்பிள் வைத்துச் சுட்ட அப்பத்தை அடுமனை வாசலில் நின்றே தின்றான். ஒருநாள் பொமெரோடி அடுமனை வரிசையில் இரண்டு கிழவர்கள் தங்கள் பழைய ஜெர்மன் பேச்சில் மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். தனக்கு அது புரிகிறது என்று தெரிந்தபோது எடிவானுக்கு உடம்பு சிலிர்த்தது. தேர்வில் வராத காது இப்போது வந்து என்ன பயன்? அதைச் சொல்லிக்கொள்ளக்கூட ஓர் ஆள் இல்லை.

அடுத்த நாள் மதியம் ப்ளூமெனாவுக்குத் திரும்பி வந்து, பெரிய பீர்க்கூடம் ஒன்றில் சுட்ட வாத்துக்குச் சொன்னான். மேடையில் ஜெர்மன் வேஷத்தில், தோல் அரைக்கால்சட்டையும் இறகு குத்திய தொப்பியுமாக நாலு பேர் குழல் ஊதிக்கொண்டிருந்தார்கள். வாத்து வந்தது. உள்ளே ஈரல் அடைத்து, பக்கத்தில் சிவப்பு முட்டைக்கோசு குவித்திருந்தார்கள். ஊர்ப் பழக்கம் விடுமா? பையிலிருந்து வறுத்த மரவள்ளி மாவை எடுத்துக் கைநிறையத் தூவினான்.

"அட, என்னப் பெத்தவளே!" என்று தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது. பரிமாறுகிற பெண். பூ வைத்த சட்டை, கச்சை, தலையில் துணிப்பூ வளையம். பேச்சோ அப்பட்டமான பெலெங் பேச்சு. "ஜெர்மன்காரனுங்க பாத்தா நெஞ்சு வெடிச்சுருவானுங்க. எந்தப் பக்கம்டா தம்பி?"

"ஜுருனாஸ்" என்று தன் பேட்டையைச் சொன்னான்.

"நான் டெர்ரா ஃபிர்மி பேட்டை. பேரு ரொசியானி. இங்க வேஷம் கட்டி நிக்கிறவங்கள்ல பாதிப் பேரு நம்மூருதான். அந்த மாவுல எனக்கும் கொஞ்சம் குடு."

இடது கையால் அள்ளி வாயில் எறிந்துகொண்டாள், ஒரு துளி சிந்தவில்லை. அவன் போர்த்துக்கீசிய உணவுப் பட்டியலைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைப்பேசியைத் தூக்குவதைப் பார்த்தாள்.

"அத ஏன் கவுத்துற?"

அவன் பட்டியலை இன்னும் தள்ளி வைத்து, மேடை படத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பினான். "புரியுது. எங்கம்மாகிட்ட நான் பேங்க்ல வேலைன்னு சொல்லிட்டு வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே பீர்த் தட்டைத் தூக்கினாள். அவன் தன்னையும் வாத்தையும் மேடையையும் சேர்த்து எடுத்து, அங்கே ஐந்து மணி நேரம் முன்னே என்று கணக்குப் போட்டு, "மியூனிக்ல ராச் சாப்பாடு" என்று அனுப்பினான். அனுப்பிய பிறகுதான், அவன் தோளுக்குப் பின்னால் தட்டும் சிரிப்புமாக ரொசியானியும் விழுந்திருப்பதைக் கவனித்தான். பூ வளையத்தோடு ஜெர்மன்காரி மாதிரித்தான் இருக்கிறாள் என்று விட்டுவிட்டான்.

பாதி வாத்து தீர்வதற்குள் அம்மாவின் குரல்பதிவு வந்தது. பின்னால் எப்போதும் இரையும் பழம் கடையும் இயந்திரத்தின் சத்தத்தைக் காணோம்.

"மவனே, படம் வந்துச்சுப்பா. கறி நல்லா வெந்துருக்கு. பின்னாடி தட்டு தூக்கிட்டு நிக்குதே ஒரு பொண்ணு, அது லூசிமார் மவ. போன வருசம் நம்ம தெருவுக்குக் குடி வந்தாளே, அந்த லூசிமார்தான். அசாய் வாங்க வந்தவகிட்டப் படத்தக் காட்டுனேன். அப்டியே தரையில உக்காந்துட்டா. ப்ளூமெனாவுக்குப் போறேன்னு போன பிள்ளையாம், ரெண்டு வருசமா குரலே இல்லையாம்." நடுவே யாரிடமோ லூசிமாருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். "அவ அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசச் சொல்லு. நீ சாப்புடு, ஆறிப்போவும்."

அவ்வளவுதான். ஜெர்மனியைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது உளறியிருப்பான். ஆறிப்போகும் என்கிறாள். எடிவான் தட்டைத் தள்ளி வைத்தான். தெருவுக்குத் தெரிந்துவிட்டதே என்றுகூட அப்போது தோன்றவில்லை. கடையில் அத்தனை பேர் நடுவே அம்மா எந்த முகத்தோடு நின்றிருப்பாள் என்பதுதான் தோன்றியது.

ரொசியானியைத் தேடிச் சமையற்கட்டின் பின்வாசலுக்குப் போய்க் கைப்பேசியை அவள் காதில் வைத்தான். கேட்டு முடித்ததும் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பாவி, உன் படத்துக்கு நான்தான் கெடச்சேனா?"

"பேசுக்கா."

"இந்தக் கோலத்துலயா?" பூ வளையத்தைக் கழற்றினாள். நெற்றியில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே, "வீடியோல போடு. குரல் மட்டும் கேட்டா எங்கம்மா நம்பாது" என்றாள்.

முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள். திரையில் ஊதாக் கறை படிந்த அவள் விரல்கள் தெரிந்தன, பிறகு லூசிமாரின் முகம். தாய் கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மகளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம், "கையில என்னடி அது, பூவா? வச்சுக் காட்டு" என்றாள். ரொசியானி அழுதுகொண்டே வைத்துக் காட்டினாள். "நல்லாத்தான்டி இருக்கு" என்றாள் தாய்.

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, ரொசியானி மூக்கை உறிஞ்சியபடி ஓடினாள். கைப்பேசி அவனிடம் வந்தது. அந்தப் பக்கமும் கை மாறி, அம்மா இருந்தாள்.

"அம்மா, நான்..."

"அப்புறம் சொல்லு" என்றாள் டார்சிலா. "மொதல்ல நீ எங்க இருக்கேன்னு சுத்திக் காட்டு."

அவன் கைப்பேசியைத் திருப்பினான். காலி பீர்ப் பெட்டிகள், அடைத்துக்கொண்ட சாக்கடை, கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கும் பூச்சட்டைகள், குந்தி உட்கார்ந்து புகைபிடித்தபடி கேமராவைப் பார்த்துக் கை ஆட்டும் பாத்திரம் கழுவுகிறவர்.

"இன்னும் தள்ளிக் காட்டு" என்றாள் அம்மா. அவன் இன்னும் கொஞ்சம் திருப்பினான்.