கை எட்டும் தட்டு

பம்ப் தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்குச் சாவி பன்னிரண்டு வருஷமாக அவள் இடுப்பில்தான் இருக்கிறது. நாலாயிரம் சாமான். எந்த வாஷர் எந்த வரிசையில் எத்தனையாவது தட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அங்கே எல்லோருக்கும் அவள் ஸ்டோரம்மா. சொந்தப் பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான்.

வீட்டில்? அதை ஏன் கேட்கிறீர்கள்! சமையலறை அலமாரி இரண்டடி ஆழம். முன்னால் ஒரு டப்பா, அதற்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் உப்பு தீர்ந்துவிட்டதென்று கணவன் கடைக்கு ஓடி வாங்கி வந்த பிறகு, உள்ளேயிருந்து பிரிக்காத உப்புப் பாக்கெட் நாலு வந்தது. அன்று வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏன் அண்ணி, ஃபாக்டரிக்கெல்லாம் ஸ்டோர் கீப்பர், வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு தெரியலையா?"

சுருக்கென்று தைத்தது. ஸ்டோரம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தால் வேலையில்தான் காட்டுவாள். சமையலறையை ஒட்டி, பழைய பெட்டிகள் அடைந்து கிடந்த குறுகிய அறையை அன்றே காலி செய்தாள். எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தாள்.

"இங்க ஒரு ஸ்டோர் ரூம் போடப் போறேன். அப்புறம் இந்த வீட்டுல யாரும் 'எங்க இருக்கு'ன்னும் கேக்க வேண்டாம், 'எடுத்துக் குடு'ன்னும் கேக்க வேண்டாம். ஒருத்தர் கேட்டாலும் கிடங்குச் சாவியைத் திருப்பிக் குடுத்துடறேன், போதுமா?"

"பாக்கத்தானே போறோம்," என்றாள் நாத்தனார்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. அடிக்கடி போகிற சாமான் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில், கனமானது கீழே, எப்போதாவது போவது உச்சியில். எது எவ்வளவு போகிறதென்று குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது, குறித்துப் பார்க்க வேண்டும். சமையலறைக் கதவில் தாள் ஒட்டினாள். கணவன், மகள், மாமனார், அவள் என்று நாலு கட்டம். யார் எதை எடுத்தாலும் ஒரு கோடு போட வேண்டும். ஒரு மாதம்.

"பிஸ்கட் தின்னாக்கூடக் கையெழுத்தா?" என்று கணவன் முணுமுணுத்தான்.

"கோடு போதும். கையெழுத்து வேண்டாம்."

மாதம் முடிந்ததும் கூட்டிப் பார்த்துப் படம் வரைந்தாள். தட்டுகள் ஒன்பதங்குல ஆழம்தான். ஒரு டப்பாவுக்குப் பின்னால் இன்னொன்று ஒளியவே முடியாது. கோடே விழாத சாமான் எல்லாம் உச்சித் தட்டுக்கு. காபித்தூளும் அதில் ஒன்று. அந்த வீட்டில் காபி குடித்தவர் மாமனார் ஒருவர்தான், தினமும் நாலு மணிக்கு ஒரு கடுங்காபி, அவரே போட்டுக்கொள்வார். ஒன்றரை வருஷத்துக்கு முன் "ஒத்துக்கலம்மா" என்று விட்டுவிட்டார். டப்பா விருந்தாளிகளுக்காக இருந்தது.

தச்சர் வந்து சட்டங்களை நிறுத்தி, தட்டுகளைத் தாங்கும் கட்டைகளையும் அடித்துவிட்டார். உச்சித் தட்டுக்கு அளவெடுக்கும்போது ஸ்டோரம்மா டேப்பின் நுனியை மாமனாரிடம் நீட்டினாள்.

"மாமா, அந்த மூலையில கொஞ்சம் பிடிங்க."

மாமனார் வலக்கையைத் தூக்கினார். மார்பு வரை வந்த கை அதற்கு மேல் வரவில்லை. சட்டென்று டேப்பை இடக்கைக்கு மாற்றி, "இதுதான் ராசியான கை," என்று சிரித்தார். ராசியான கையும் தோளைத் தாண்டவில்லை.

தச்சர் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. ஸ்டோரம்மா போய் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். மாமனார் கட்டத்தில் தண்ணீர், பிஸ்கட், பழம், வேர்க்கடலை. எல்லாமே மேடைமேல் இருப்பவை. அடுப்புக்கு மேலே இருக்கும் தட்டிலிருந்து ஒரு சாமானுக்குக்கூட அவர் கோடு போடவில்லை. காபித்தூள் அந்தத் தட்டில்தான் இருந்தது. மேடை அடைசலாக இருக்கிறதென்று ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அங்கே ஏற்றியவள் அவளேதான்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கோடு விழாதது வேண்டாத சாமான் என்று முடிவு கட்டிவிட்டாளே! எட்டாத டப்பாவுக்கு எங்கிருந்து கோடு விழும்? கிடங்கிலேயே ஊறிய மண்டைக்குத்தான் இப்படித் தப்பு செய்ய வரும். அறை முடியும் முன்பே சவாலில் தோற்றுவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"அண்ணே, கட்டையெல்லாம் கழட்டுங்க. தட்டு உயரம் மாறுது."

"என்னம்மா, விளையாடறீங்களா? நாலு நாள் வேலை!"

"தினம் எடுக்கற சாமான் எதுவும் மார்புக்கு மேல போகக் கூடாது. இடுப்பு உயரத்துல அகலமா ஒரு பலகை, பக்கத்துலயே கெட்டிலுக்குப் பிளக்."

தச்சர் தலையில் அடித்துக்கொண்டே கழற்றினார். சாயங்காலம் கணவன் வந்து பார்த்து, "அப்பாதான் காபியை விட்டுட்டாரே, எதுக்கு இதெல்லாம்?" என்றான்.

"அவரா விடல. நாம விட வச்சிருக்கோம். அவருக்குக் கை மேல போகல."

"கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்போமே!"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். 'ஸ்டியரிங்கைக் கொஞ்சம் பிடிங்க'ன்னு யார்கிட்டயாவது கேட்டிருப்பாரா?"

மாமனாரிடம் மூச்சுவிடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவைத்தாள்.

அறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். உள்ளே போய்த் தேடிப் பார்த்துவிட்டு, குறை எதுவும் கிடைக்காமல் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். நாலு மணிக்கு மாமனார் எழுந்து ஸ்டோர் ரூமுக்குள் போனார்.

"என்னப்பா வேணும்? இருங்க, நான் எடுத்துத் தரேன்," என்று நாத்தனார் எழுந்தாள். ஸ்டோரம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். உள்ளே ஏதோ உருண்டது. ஸ்டோரம்மாவுக்கும் கால் பரபரத்தது, ஆனாலும் அசையவில்லை. டப்பா திறக்கும் சத்தம், ஸ்பூன் சத்தம், கெட்டில் கொதிக்கும் சத்தம்.

மாமனார் இரண்டு டம்ளரோடு வெளியே வந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பஸ்ஸை எடுக்கப் போகிறவர்போல வந்தார். ஒன்றை மருமகளிடம் நீட்டினார். சர்க்கரை மூன்று பேருக்குப் போதும். அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கிடங்கில் கேடயம் கொடுத்து மாலை போட்ட அன்றுகூட அவளுக்கு இப்படிப் பெருமை பிடிபடாமல் போனதில்லை.

"ஒத்துக்கலைன்னு சொன்னீங்களேப்பா?" என்றாள் நாத்தனார்.

"இப்ப ஒத்துக்குது," என்றார் மாமனார். பிறகு மருமகள் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார், "எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

பன்னிரண்டு வருஷத்தில் தன் பேரில் ஒரு தப்பு என்று யாரிடமும் ஒப்புக்கொண்டவள் இல்லை அவள். இப்போது நாத்தனார் காதிலும் நன்றாக விழட்டும் என்று தலை நிமிர்ந்து உரக்கவே சொன்னாள்.

"தப்புப் பண்ணித்தான் மாமா."