புதன்கிழமை எலிகள்

ஹைதராபாத்திலிருந்து கடிதம் வந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து ஷைமாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்து போயிற்று. பெரம்பலூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த மருந்தியல் கல்லூரியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவள், ஒரு துறைக்கே தலைவி, அன்றைக்கு மூன்றாமாண்டு வகுப்புக்குப் பதிலாக இரண்டாமாண்டு வகுப்புக்குள் போய் இருபது நிமிடம் பாடம் நடத்திவிட்டு வந்தாள். பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள், வாயைத் திறக்கவில்லை.

கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். நீங்கள் அனுப்பிய பதினேழாம் எண் பொருளை மூன்று முறை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம், வீக்கம் துளியும் குறையவில்லை, மாதக் கடைசிக்குள் விளக்கம் தாருங்கள், இல்லாவிட்டால் ஒப்பந்தத்தைக் கைவிடுவதோடு உங்கள் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கும் எழுத வேண்டியிருக்கும் என்று அந்த மருந்து நிறுவனத்தார் எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு வருட உழைப்பு பொய்யா மெய்யா என்று கேட்டிருந்தார்கள், வேறொன்றுமில்லை.

பதினேழு பிறந்தது முந்திரிக்கொட்டையின் தோட்டில். அரியலூர்ப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோட்டின் எண்ணெய் என்ன செய்யும் என்று தெரியும். பட்ட இடம் வெந்து தோல் உரிந்துவிடும். அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதன் முரட்டுத்தனத்தை அடக்கி, வீக்கத்தைக் குறைக்கும் மருந்தாக மாற்றலாம் என்று ஷைமா நம்பினாள். பதினாறு முறை மாற்றிப் பார்த்தும் உருப்படவில்லை. பதினேழாவது உருப்பட்டது. இதில் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. அவளுடைய உம்மா ஹபீபா மூட்டு வீக்கத்துக்கு வருடக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கி, ஒருநாள் லெப்பைக்குடிக்காட்டு வீட்டில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். வயிற்றைப் புண்ணாக்காத ஒரு மருந்து வேண்டும் என்பதில் ஷைமாவுக்கு ஆராய்ச்சி ஆசையைவிடக் கோபமே அதிகம்.

சோதனை முறை எளிது. முதல் நாள் சாயங்காலமே எலிகளுக்குத் தீனியை நிறுத்திவிட வேண்டும். வெறும் வயிற்றில்தான் மருந்து. காலை ஒன்பது மணிக்கு மருந்து, பத்து மணிக்குப் பின்னங்காலில் வீக்கம் உண்டாக்கும் ஊசி, பிறகு மணிக்கொரு தரம் பாதம் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று கருவியில் அளக்க வேண்டும். ஒரு சோதனைக்கு இருபத்துநான்கு எலிகள்: ஆறுக்கு மருந்தே கிடையாது, ஆறுக்குக் கடையில் கிடைக்கிற பழைய வலி மருந்து, பன்னிரண்டுக்குப் பதினேழு. சாயங்காலம் அத்தனையையும் மயக்கம் கொடுத்துக் கொன்றுவிடுவார்கள். எல்லா ஊரிலும் இப்படித்தான், ஹைதராபாத்திலும் இப்படித்தான்.

முதலில் அவள் தோட்டைச் சந்தேகப்பட்டாள். மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டே அரியலூர் போய், அங்கிருந்து பஸ் மாறி, உடையார்பாளையம் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகை வைத்திருக்கும் ராஜவேலின் முன்னால் போய் நின்றாள். தோடு வெளியூரிலிருந்து வந்ததா, வெளிநாட்டுக் கொட்டையா, வறுத்த பிறகு எடுத்ததா, அவித்து எடுத்ததா என்று அவனைக் குடைந்தெடுத்தாள். ராஜவேல் பொறுமைசாலி. அதே கொல்லை, அதே மரம், அதே தோடு, நம்பிக்கை இல்லையென்றால் மரத்தையே வந்து விசாரித்துக்கொள்ளுங்கள் என்றான். அவன் வாங்கி வந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் எடை போடும் தராசை, எலி விற்றவர்களை, மருந்தைப் பொட்டலம் கட்டி அனுப்பிய கூரியர்காரர்களை, ஹைதராபாத்காரர்களின் நேர்மையை என்று வரிசையாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தாள். தன்னை மட்டும் பாக்கி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை தானே சோதித்தாள். வீக்கம் குறையவில்லை. வெள்ளிக்கிழமை வேறு எலிகளை வைத்துத் திரும்பச் செய்தாள். அழகாகக் குறைந்தது. சந்தோஷம் தாங்காமல் ஷார்ஜாவில் இருக்கும் கணவன் முகமது அனஸுக்கு போன் போட்டாள். நல்ல வேளை, அவன் எடுக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் குறையவில்லை. ஒரே மருந்து, ஒரே கை, ஒரே கருவி. ஒருநாள் கேட்டது, மறுநாள் மாப்பிள்ளை முறுக்குக் காட்டியது.

அன்று மாலை பழைய குறிப்பேடுகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டுரைக்காகச் செய்த சோதனைகள் ஒன்பது. வகுப்பு இல்லாத திங்கள், புதன், வெள்ளியில் அவற்றைச் செய்திருந்தாள். திங்களும் வெள்ளியும் சேர்ந்து ஆறு, ஆறிலும் வெற்றி. புதன்கிழமை மூன்று, மூன்றிலும் தோல்வி. கட்டுரையில் அந்த ஆறு மட்டுமே இருந்தன.

இந்த இடத்தில் ஷைமாவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் பொய் எழுதுகிறவள் அல்ல. மூன்று புதன்கிழமைப் பக்கங்களின் ஓரத்திலும் 'கருவிக் கோளாறு' என்று எழுதி ஒதுக்கி வைத்திருந்தாள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கருவி அடிக்கடி மக்கர் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதே பக்கத்தில், அதே நாளில், அதே கருவி பழைய வலி மருந்து வீக்கத்தைக் குறைத்ததைச் சரியாக அளந்து காட்டியிருந்தது. கருவி கெட்டிருந்தால் அது மட்டும் எப்படிச் சரியாக வரும்? ஆறு வருடத்துக்கு முன்பு இந்தக் கேள்வியை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. பதினேழு வேலை செய்ய வேண்டும் என்று அவ்வளவு ஆசை. இப்போது கேட்டுக்கொண்டாள். குறிப்பேட்டை மூடி அலமாரியின் அடித்தட்டில் தள்ளினாள்.

திங்களிலும் வெள்ளியிலும் அப்படி என்னதான் இருக்கிறது? வியாழக்கிழமை சாயங்காலமே அடுத்த சோதனைக்கான எலிகளுக்குத் தீனியை நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்து, எட்டு மணிக்கெல்லாம் எலிகள் இருக்கும் அனிமல் ஹவுஸுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எட்டரைக்கு மாயவன் வந்தார். சிறுவாச்சூர்க்காரர், பதினான்கு வருடமாக அங்கே தீனி வைத்துக் கூண்டு கழுவுகிறவர். நெற்றியில் குங்குமம், கையில் எவர்சில்வர் தூக்கு. ஷைமாவைக் கண்டதும் ஐம்பது வயது மனிதர் தூக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்னண்ணே அது?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். கோயில் மாவுங்க."

வாங்கித் திறந்து பார்த்தாள். பச்சரிசி மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்த மாவிளக்கு. நடுவில் திரி எரிந்த கருப்பு. தொட்ட விரலில் நெய் வழிந்தது. சிறுவாச்சூர்க் காளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். மாயவனின் மனைவி அம்சவள்ளி அந்த இரண்டு நாளும் அங்கே வேண்டுதலுக்கு வருகிறவர்களுக்கு மாவு இடித்துக் கொடுப்பவர். விளக்குப் போட்டு மீந்ததில் ஒரு தூக்கு கணவருடன் கல்லூரிக்கு வரும்.

யாருக்கு இது என்று கேட்டாள். மாயவன் கூண்டுகளைப் பார்த்தார்.

"அம்மன் நாளும் அதுவுமா ராவெல்லாம் பட்டினி கெடந்து, சாயங்காலம் சாவப்போற உசுருங்க. ஆளுக்கு ஒரு கோலிக்குண்டு அளவு உருட்டிப் போட்டுருவேன். பாவமுங்க."

எத்தனை வருடமாக என்றதற்கு, வேலைக்கு வந்த நாளிலிருந்து என்றார். தன்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றதற்கு அவர் சொன்ன பதில்தான் அவளை அடித்துப் போட்டது.

"டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் குடுப்பேங்க. உங்களுக்கு எப்படிங்க நீட்டுறது? சாப்புடுவீங்களோ மாட்டீங்களோ. வேணாம்னு சொல்ற சங்கடத்த உங்களுக்கு ஏன் குடுக்கணும்னுதான் கண்ணுல படாம எடுத்துட்டுப் போவேன்."

மற்றவர்களும் அதே எண்ணத்தில் அவள் வருவதற்குள் தின்று கை கழுவிவிடுவார்கள். சில நாள் காலையில் அவர்கள் அவசரமாக வாயைத் துடைப்பதை ஷைமாவும் பார்த்திருக்கிறாள். அவர்கள் விஷயம், நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று நேரே தன் அறைக்குப் போய்விடுவாள். ஒருவர் மனம் ஒருவரால் நோகக் கூடாது என்று அத்தனை பேரும் சேர்ந்து பதினான்கு வருடம் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய மரியாதை அது. அதற்குள் நெய் இருந்ததுதான் வினை.

பதினேழு தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வெறும் வயிற்றில் போனால் உடம்பில் ஒட்டாமல் வெளியே போய்விடும். நெய்யோடு போனால் ரத்தத்தில் ஏறும். இது உறைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மாயவனைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றாள்.

அடுத்த வாரம் பாதி எலிகளுக்கு நெய்யோடும் பாதிக்கு நெய் இல்லாமலும் பதினேழைக் கொடுத்துப் பார்த்தாள், இரண்டு முறை. நெய் தின்றவை காலை ஊன்றி நடந்தன, மற்றவை நொண்டின. பதினேழு பொய் இல்லை.

கல்லூரி முதல்வர் அண்ணாதுரையிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு சுலபமாகத் தீருமென்று அவர் நினைக்கவில்லை. ஊழியர் விதியை மீறித் தீனி போட்டிருக்கிறார், ஆய்வாளருக்குத் தெரியாது. அவரிடம் அப்படியே எழுதி வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பிவிடலாம், அந்தக் காகிதத்தை ஹைதராபாத்துக்கு அனுப்பினால் உங்கள் பெயரில் ஒரு பொட்டுக் கறை விழாது என்றார். புதன்கிழமைகளைப் பற்றிச் சொல்ல ஷைமாவுக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. காகிதத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இருக்காதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மாடிப்படி இறங்குவதற்குள் அந்தச் சமாதானம் தீர்ந்துவிட்டது.

அடுத்த நாட்கள் நரகம். அஸர் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்பது மறந்து திரும்பத் தொழுதாள். உம்மா என்னவென்று கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். தவறு அவருடையது என்று மாயவனை நினைத்துக்கொண்டே இருந்தாள். எத்தனை முறை நினைத்தும் அது நிலைக்கவில்லை.

மாதக் கடைசிக்கு முந்தின நாள், கையெழுத்துப் போட மாயவன் அவள் அறைக்கு வந்தார். அலுவலகத்தில் அடித்துக் கொடுத்திருந்த காகிதத்தை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். நான் செய்ததுதானே, மேடத்தின் மருந்து நிஜம் என்று ஆனால் சரி என்றார். அதில் அவருக்கு வருத்தம்கூட இருந்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இது மட்டும் தப்புங்க. எல்லா நாளும் தீனி போட்டேன்னு போட்டிருக்கு. புதன்கெழம போடலீங்க. கோயில் தெறக்காது, கையில ஒண்ணும் இருக்காது. அன்னைக்கு அதுங்க மூஞ்சியப் பாக்க மாட்டாம தண்ணிய மட்டும் வச்சிட்டு வெளிய போயிருவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப புதன்கெழம மருந்து கேட்டிருக்காதுங்களே? அப்பவே தெரிஞ்சிருக்குமே மேடம்?" என்றார்.

குற்றம் சாட்டும் குரலே அதில் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"தெரிஞ்சுதுண்ணே. கேக்கலன்னு தெரிஞ்சுது. நாந்தான் கருவி மேல பழியப் போட்டு அத ஒதுக்கி வச்சிட்டேன்."

"எழுதவே இல்லீங்களா?"

"இல்ல."

மாயவன் முகத்தில் அவள் முதன்முதலாக ஒரு வருத்தத்தைப் பார்த்தாள். அது அவருக்காக வந்த வருத்தம் இல்லை.

"அப்ப அதுங்க எதுக்குங்க செத்துச்சு?" என்றார்.

ஷைமா அவர் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டாள். கையெழுத்து வேண்டாம், போய்க் கூண்டுகளைப் பாருங்கள் என்று அனுப்பினாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமலே எழுத உட்கார்ந்தாள். நடந்த சோதனைகள் ஒன்பது, ஆறல்ல. மூன்று புதன்கிழமைச் சோதனைகளில் மருந்து வேலை செய்யவில்லை. கருவி சரியாக இருந்ததற்கு அதே பக்கத்தில் ஆதாரம் இருந்தும் நான் அவற்றை விட்டுவிட்டேன். விடாமல் இருந்திருந்தால் உணவின் பங்கு ஆறு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். அனிமல் ஹவுஸ் என் பொறுப்பு. ஊழியர் மீது குற்றமில்லை. இத்தனையும் எழுதி, அந்த மூன்று நாட்களின் அளவுகளையும் சேர்த்து, இறந்த எலிகள் எழுபத்திரண்டு என்று யாரும் கேட்காத எண்ணையும் போட்டாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். துறைத் தலைமையும் நிற்காது. பதினேழை இனி யாராவது தொடுவார்களா என்பதும் சந்தேகம்தான். பயமாக இருந்தது, அழுகையும் வந்தது. ஹைதராபாத்துக்கும் ஆய்விதழுக்கும் முதல்வருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினாள்.

ஐந்து நிமிடத்தில் மேசையிலிருந்த போன் அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஆமாங்க சார்," என்றாள். "நாந்தான் அனுப்புனேன்."