முப்பதடிக்குள் ஒரு போன்

கெமராவின் முதுகுத் திரையில், ஒரு மூலையில், அந்தச் சின்னக் குறி துடித்தது.

ஷஹ்மா நம்பவில்லை. கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. அதன் பொருள் அவளுக்கு அத்துப்படி. இப்போது எடுத்த படம் யாருடைய போனுக்கோ போய்க்கொண்டிருக்கிறது.

எதிரே அலங்காரக் கதிரையில் கல்யாணப் பெண் அஸ்மியா, மருதாணிக் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கம்பளையில் அந்தப் பழைய மாடி வீட்டின் ஹோல் முழுக்கப் பெண்கள். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள். இங்கே எடுக்கிற ஒரு படமும் வெளியே போய்விடக்கூடாது என்றுதான் பிலிமத்தலாவையிலிருந்து, பெண்களை மட்டுமே படம் எடுக்கிற ஷஹ்மாவை வரவழைத்திருந்தார்கள்.

"ஒரு போட்டோ வெளியே போச்சுண்டா, மகள், கண்டியில இருந்து நாவலப்பிட்டி வரைக்கும் ஒனக்கு ஒரு கல்யாணம் கெடைக்காது. அத நான் பாத்துக்குவேன்."

பெண்ணின் உம்மா ஸுலைஹா சொன்னது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. சொன்னதோடு அவர் நிற்கவும் இல்லை. காலையிலேயே வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, வந்த பெண்களிடமெல்லாம் போனை வாங்கி ஒரு சிவப்புக் கூடையில் போட்டு, கூடையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஷஹ்மாவின் போனும் அந்தக் கூடையில்தான்.

ஆக, ஹோலில் ஒரு போனும் இல்லை. ஆனாலும் படம் போகிறது.

எல்லாம் மெமரி காட் செய்கிற வேலை. கண்டி டவுனில் தேடிப்பிடித்து வாங்கிய வைஃபை காட். பார்வைக்கு மற்றக் காட்களைப் போலத்தான், ஒரு முத்திரையளவு. ஆனால் கெமராவுக்குள் இருந்தபடியே, வயரும் வேண்டாமல் கம்ப்யூட்டரும் வேண்டாமல், தனக்குப் பழக்கமான போனுக்கோ டெப்புக்கோ படத்தைத் தள்ளிவிடும். முப்பதடிக்குள் இருந்தால் போதும். மணப்பெண் எழும்பாமலே டெப்பில் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூக்கு பெரிசா ஈக்குது ராத்தா, இன்னொண்டு எடுங்க" என்று சொல்லலாம். அதற்காகவே ஷஹ்மாவுக்குக் கிராக்கி. இன்றைக்கு ஸுலைஹாவுக்குப் பயந்து டெப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். வாங்க ஆளில்லாவிட்டால் அது வெறும் காட்தானே என்ற நினைப்பு.

அங்கேதான் சறுக்கினாள். காட்டின் பாஸ்வேர்டை யாரோ களவெடுத்துத் தன் போனை அதற்குப் பழக்கியிருக்க வேண்டும்.

டொக். டொக்.

தலைக்கு மேலே, பலகை மாடியில் இரண்டு தட்டு. மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி வந்திருந்த கட்டுகஸ்தோட்டை மாமி அண்ணாந்து பார்த்தார்.

"மேல என்ன சத்தம்?"

"எலி," என்றார் ஸுலைஹா, சர்பத் தட்டை நீட்டியபடி. "பழைய வீடுதானே. குடிங்க, ஐஸ் கரஞ்சிரும்."

எலியைப் பற்றி யோசிக்க ஷஹ்மாவுக்கு நேரமில்லை. வேறோர் ஊரில் இதே தொழில் செய்த ஒருத்தியின் ஞாபகம் வந்துவிட்டது. யாரோ ஒரு மணப்பெண்ணின் ஒரே ஒரு படம் வட்ஸ்அப் குரூப்பில் ஏறியது. அவள் இப்போது பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்து விற்கிறாள். கெமராவை விற்று வாங்கிய தையல் மெஷின்.

பையில் சாதாரணக் காட் ஒன்று இருந்தது. மாற்றிவிடலாம். ஆனால் போன படங்கள்? காட்டை மாற்றிய நிமிடமே அந்த ஆள் உஷாராகிவிடுவான். போன் ஏதாவது பைக்குள் மறைந்துவிடும். பிறகு கம்பளை முழுக்க வலை போட்டாலும் அகப்படாது.

றம்ஸியா இருந்திருந்தாலாவது ஒரு வழி சொல்லியிருப்பாள். அஸ்மியாவுக்கு மூத்தவள், அவளுடைய ராத்தா. ஷஹ்மா போகிற கல்யாணங்களில் லைட் பிடிப்பவளும், சிரிக்காத மணப்பெண்களைச் சிரிக்க வைப்பவளும் அவள்தான். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். போன கிழமை அம்மை போட்டுவிட்டது. மடவளையில் பெரியும்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக ஸுலைஹா சொன்னார். தங்கச்சியின் கல்யாணத்தைப் பார்க்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சரி. தனியாகத்தான் பிடிக்க வேண்டும். பிடிக்க ஒரு வழியும் இருந்தது.

காட்டுக்கு ஒரு குணம். வாங்குகிற போன் பக்கத்தில் இருந்தால் படம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். தள்ளித் தள்ளிப் போனால் குறி துடித்துக்கொண்டே கிடக்கும். முப்பதடி தாண்டினால் அணைந்துவிடும். எங்கே சட்டென்று போகிறதோ அங்கே ஆள்.

பொறி ரெடி. பொறியில் வைக்க ஏதாவது வேண்டுமே. பெண்களின் முகத்தை இனி ஒன்றுகூட அனுப்பக்கூடாது. ஷஹ்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசையில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் மணக்கும் வட்டிலப்பக் கிண்ணங்கள் வரிசை கட்டி நின்றன. ஒன்றைக் கையில் எடுத்தாள்.

முதல் சந்தேகம் ஹபீல் மேல். வாசல் திரைக்கு வெளியே ஏணியில் நின்று மின்விசிறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த லைட்காரர். ஆண்களின் போன் கூடைக்குப் போகவில்லை. திரையோரமாகப் போய் வட்டிலப்பத்தைக் கிளிக் செய்தாள். குறி மெதுவாக, நோயாளி நடக்கிற மாதிரித் துடித்தது.

"ஹபீல் நானா, டைம் என்ன? போன்ல பாத்துச் சொல்லுங்க."

"போன் சார்ஜ் இல்லாம செத்துப் பெய்த்து தங்கச்சி. ராவு முழுக்க எங்கட வீட்டுப் புள்ளைகள் கார் ஓட்டினாங்க அதுல." திரைக்கு அந்தப் பக்கமிருந்து பெருமூச்சு வந்தது. "ஒரு வட்டிலப்பம் இந்தப் பக்கம் வந்தா ஃபேன் கொஞ்சம் வேகமாச் சுத்தும்."

கிண்ணத்தைத் திரைக்கடியால் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

குசினியில், அடுப்புப் பக்கம், ஒரு கிளிக். குறி அணைந்தே போனது. அலுமாரி இருந்த அறை வாசலில் ஒரு கிளிக். துடித்தது, ஆனால் சுணங்கியது. கூடைக்குள் இருந்து எந்தப் போனும் வேலை காட்டவில்லை. ஒருவேளை கட்டுகஸ்தோட்டை மாமியின் பெரிய கறுப்புப் பை? பைக்குப் பக்கத்தில் குந்தி ஒரு கிளிக்.

"புள்ள, நீ பொண்ண எடுக்க வந்தியா, வட்டிலப்பத்த எடுக்க வந்தியா?"

"அல்பத்துல ஒரு பக்கம் சாப்பாட்டுக்கு மாமி. இப்ப இதான் ஸ்டைல்."

"அப்ப முந்திரிப் பருப்பு தெரியுற மாதிரி எடு. எங்கட வீட்டுல இதவிடக் கூடப் போடுவோம்."

மாமி அப்பாவி என்று குறி தீர்ப்புச் சொன்னது. அடுத்தது மாடிப்படி. படியின் அடியில் பழைய கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வழியை மறித்திருந்தார்கள். இத்தனை பேர் உட்கார இடமில்லாமல் நிற்கிற வீட்டில் எதற்கு இத்தனை கதிரையை இங்கே முடக்கி வைத்திருக்கிறார்கள்? ஷஹ்மா கிளிக் செய்தாள்.

விரலை எடுப்பதற்குள் படம் போய்விட்டது.

ஒரு கதிரையை நகர்த்தி, அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே ஒரே ஒரு அறை. பச்சைப் பெயின்ட் அடித்த பலகைக் கதவு, உரிந்த இடத்தில் அடியிலிருந்த நீலம் தெரிந்தது. உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவன் ஜன்னலால் குதித்துவிடலாம். குதிக்காவிட்டால் அதைவிட மோசம். வேறு ஒன்றும் தோன்றாமல் கெமராவை உயர்த்தி அந்தக் கதவையே ஒரு படம் எடுத்தாள்.

கதவுக்கு உள்ளிருந்து ஒரு பெண் குரல் சிரித்தது.

"ஐயோ ராத்தா, இது என்ட கதவுதானே."

ஷஹ்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"றம்ஸி? நீ மடவளையில இல்லையா?"

"இல்ல. உம்மா ஊருக்குச் சொல்ற கத அது." கதவுக்குப் பின்னால் பாய் சரசரத்தது. அவளும் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். "கொப்புளமெல்லாம் காஞ்சிட்டு. இன்னும் ரெண்டு நாள் கதவத் தொறக்க வேணாண்டு டொக்டர் சொல்லீட்டாரு. மாப்பிள்ளைட வீட்டுல ஒருத்தர் மவுத்தாகி ஏற்கெனவே ஒருதரம் கல்யாணம் தள்ளிப்போச்சு. அவருக்கு வெள்ளிக்கெழம டோஹா பிளைட். வீட்டுல அம்மைண்டு தெரிஞ்சா அந்த மாமி திரும்பவும் தள்ளிப்போடச் சொல்லுவா. அதால நான் வீட்டுல இல்ல. நான் இல்லாததால என்ட போனையும் யாரும் கூடைக்குக் கேக்கல்ல."

"நீ வேணுமெண்டேவா வாங்கின, படத்த?"

"இல்ல ராத்தா, சத்தியமா. படுத்து அழுதுட்டு இருந்தேன். போன் மினுங்கிச்சு. பாத்தா தங்கச்சிட மொகம். ஒங்கட காட்டுக்கு என்ட போன நல்லாத் தெரியுமே, எத்தின கல்யாணத்துல ஒண்டா வேல செஞ்சது. அதுவாவே வந்து ஒட்டிக்கிச்சு. அதுக்குப் பொறகு நான் அழவே இல்ல." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி, கொஞ்சம் அழுதேன். ஒவ்வொரு நல்ல படத்துக்கும் கீழ தட்டினேன். கேக்கல்லையா?"

"கேட்டிச்சு. நீ எலியாம்."

"எலியா? உம்மாவா சொன்னா?" சிரிப்பு வந்தது. பிறகு கேள்வி வந்தது. "அது சரி, தங்கச்சிய விட்டுட்டு என்னத்துக்கு வரிசையா வட்டிலப்பம் அனுப்பினீங்க? நான் பசியில ஈக்கிறது தெரிஞ்சி நக்கலா?"

ஷஹ்மா சிரித்துவிட்டாள். பையிலிருந்து சாதாரணக் காட்டை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"றம்ஸி, ஒங்கட உம்மாக்கு நான் வாக்குக் குடுத்தீக்கேன். ஒருத்தர்ட போனுக்கும் போகாதுண்டு."

கதவுக்குப் பின்னால் போனைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"கதிரைய நகத்தினது யாரு?"

ஷஹ்மா திரும்பினாள். படியில் ஸுலைஹா. ஒரு கையில் மூடிய சோற்றுத் தட்டு, மறு கையில் வட்டிலப்பம். முகத்தில் காலைச் சிரிப்பு இல்லை. அவர் கண் ஷஹ்மாவைப் பார்த்தது, கெமராவைப் பார்த்தது, கதவைப் பார்த்தது. மாட்டிக்கொண்டது யார் என்று இருவருக்குமே தெளிவாகத் தெரியவில்லை.

ஷஹ்மா எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னாள். டெப்பை விட்டு வந்தது, காட்டை விடாதது, குறி துடித்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. "வாக்குத் தவறினது நான்தான் மாமி. றம்ஸிய ஏசாதீங்க. இப்பவே காட்ட மாத்திர்றேன்."

ஸுலைஹா தட்டையும் வட்டிலப்பத்தையும் கதவோரம் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. கதவைப் பார்த்தே கேட்டார்.

"எல்லாம் தெரிஞ்சிச்சா, மகள்?"

"தெரிஞ்சிச்சு உம்மா. நடு நெத்தியில அந்தச் சுட்டி சரிஞ்சீக்குது, நேராக்கச் சொல்லுங்க. சாச்சி பச்ச சாரிதான் உடுத்தீக்கிறா, நான் பந்தயம் கட்டினேன்தானே." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒங்களத்தான் ஒரு படத்துலயும் காணல்ல. ஓடிக்கிட்டே ஈக்கிறீங்க போல."

ஸுலைஹா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வேர்வையைத் துடைக்கிற மாதிரித்தான் துடைத்தார். பிறகு ஷஹ்மாவின் உள்ளங்கையிலிருந்த காட்டை எடுத்து, அவளுடைய பைக்குள் திரும்பப் போட்டு, பையை மூடினார்.

"மாப்பிள்ள தாலி கட்ட வரப்போறாரு. இங்க என்ன குந்திட்டு ஈக்கிற? எறங்கு." இரண்டு படி இறங்கியவர் நின்றார். "என்னையும் ஒண்டு எடு. அஸ்மியாவோட."

கீழே, கூட்டத்துக்கு நடுவே, ஷஹ்மா மணப்பெண்ணின் நெற்றிச் சுட்டியை நேராக்குகிற சாக்கில் காதில் நாலு வார்த்தை சொன்னாள். அஸ்மியா மேலே பலகையைப் பார்க்கப் போனாள். ஷஹ்மா தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "மேல பாக்காத. இதுக்குள்ள பாரு. இங்கதான் ஈக்கிறா."

அதுவரை வெட்கத்தில் குனிந்தே இருந்த பெண், லென்ஸைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். மருதாணிக் கை இரண்டையும் தூக்கிக் காட்டினாள். உம்மாவை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, கன்னத்தோடு கன்னம் வைத்தாள். மாப்பிள்ளை வந்து தாலி கட்டினார். கட்டி முடித்ததும் அவள் அதைத் தூக்கி, அவரிடம் காட்டுவதற்கு முன் கெமராவிடம் காட்டினாள்.

டொக். டொக். டொக். டொக்.

கட்டுகஸ்தோட்டை மாமி மறுபடி அண்ணாந்தார். "இது என்ன எலி ஸுலைஹா, தாலி கட்டினோடன குதிக்குது."

"சந்தோசமா ஈக்கும் மாமி," என்றார் ஸுலைஹா. "வீட்டுக் கல்யாணம்தானே."

விருந்தாளிகள் போகத் தொடங்கியதும் வழக்கப்படி ஷஹ்மா படங்களையெல்லாம் சாதாரணக் காட்டுக்கு மாற்றி, அதை ஸுலைஹாவின் கையில் ஒப்படைத்தாள். கெமராவிலும் வேறெங்கும் ஒன்றும் மிச்சமில்லை என்று அவர் கண்முன்னே காட்டினாள். சிவப்புக் கூடையிலிருந்து தன் போனைப் பொறுக்கிக்கொண்டிருந்த கட்டுகஸ்தோட்டை மாமி அதைக் கவனித்துக்கொண்டே நின்றார்.

"எங்கட சின்னவளுக்கும் நோன்புக்குப் பொறகு கல்யாணம். இந்தப் புள்ள நம்பிக்கையா? படம் கிடம் வெளிய போகாதே?"

ஷஹ்மா குனிந்து கெமராப் பையின் வாரைச் சரிசெய்தாள். ஸுலைஹா காட்டை இடுப்பில், அலுமாரிச் சாவிக்குப் பக்கத்தில் செருகினார்.

"எனக்குத் தெரியாம ஒரு படம் இந்தப் புள்ளட கையால போகாது," என்றார். "என்ட புள்ளைகள் மாதிரி. நீங்க தைரியமாக் கூப்பிடுங்க."

மாமி போனை நீட்டி ஷஹ்மாவின் நம்பரைக் கேட்டார். ஷஹ்மா சொல்லச் சொல்ல, மேலே பலகையில் அது பாட்டுக்கு ஒரு தட்டல் தாளம் தொடங்கியது.

"எலிக்கு நாளைக்கே மருந்து வைங்க," என்றார் மாமி.

"வச்சிட்டேன்," என்றார் ஸுலைஹா. "வட்டிலப்பத்துல."