ஷீலாக்கா இழுத்த மூச்சு

எந்திரம் கலந்த பாட்டில் உயிர் இருக்காது என்று நவம்பர் கடைசியில் ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டேன். நாற்பத்தொரு பேர் விரும்பினார்கள். அவர்களில் பதினாறு பேர் உறவினர்கள்.

சேலையூரில் என் வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. தனித்தனியாகப் பதிவான குரல்களையும் கருவிகளையும் ஒன்றோடொன்று இடிக்காமல் உட்காரவைக்கும் மிக்ஸிங் வேலை என்னுடையது. மேடவாக்கத்துக்கு உள்ளே, ஏரிக்கரை ஊர் ஒன்றின் தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பதினோரு வருடமாகக் கிறிஸ்துமஸ் பாட்டுகளை மிக்ஸ் செய்து தருகிறேன். என்னை சவுண்ட் இன்ஜினியர் என்று அழைக்கும் ஒரே கூட்டம் அதுதான். மற்றவர்களுக்கு நான் கல்யாண வீடியோவுக்குப் பாட்டு ஒட்டுகிறவன்.

டிசம்பர் முதல் வாரம் குழுத் தலைவர் அசரியா போன் செய்தார்.

"கிட்டு சார், தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம சத்யபிரியா ஓஎம்ஆர்ல ஐடி வேலை செய்யுதே, அது ஏதோ ஏஐல போட்டு நாலே நிமிஷத்துல மிக்ஸ் பண்ணிடுச்சு. நல்லாத்தான் கீது. நீங்களும் ஒண்ணு அனுப்புங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டையும் போட்டுப் பாத்து, எது நல்லா கீதோ அத வச்சிக்கலாம். இனிமே வர்ற வருஷத்துக்கும் அதான்."

மூன்று நாள் உட்கார்ந்து கலந்தேன். நான்காம் நாள், எதிரியின் பலத்தை அறியும் நோக்கத்தில் மட்டும், அதே பதிவை ஓர் ஏஐ செயலியில் போட்டேன். அதைக் கேட்டேன். என்னுடையதையும் கேட்டேன். பிறகு எந்திரம் செய்ததை என் பெயரில் அனுப்பினேன். இதை எழுதும்போதுகூட 'அனுப்ப நேர்ந்தது' என்றுதான் கை போகிறது.

அந்தக் குழு கிறிஸ்துமஸுக்கு முன் வீடு வீடாகப் போய்ப் பாடும். குட்டி வேனில் ஸ்பீக்கர் பெட்டியில் பதிவான பாட்டு ஓட, அதோடு சேர்ந்து பாடுவார்கள். வராதவர்களின் குரல் பெட்டியிலிருந்து வரும். அசரியா நட்சத்திர விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். அவர் முதுகைப் பார்த்து யாரும் பாட்டைத் தொடங்க முடியாது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயக் கூடத்தில் அசரியா முதல் மிக்ஸைப் போட்டார். பாட்டுக்கு முன் வரும் கீபோர்டு முடிந்தது. பெட்டிக்குள் அத்தனை குரலும் ஒரே நொடியில் கச்சிதமாக எழுந்தன. கூடத்தில் நின்ற பதினெட்டு பேரில் ஒருவரும் பாடவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. இரண்டாம் வரியில் சிலர், நகரத் தொடங்கிவிட்ட மின்சார ரயிலில் தொற்றுவதுபோல ஏறிக்கொண்டார்கள்.

அதே பாட்டின் இரண்டாவது மிக்ஸைப் போட்டார். அதே திறந்த வாய்கள்.

"எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெர்ல," என்றார் கட்டைக்குரல் சவுரிமுத்து. "ஷீலாக்கா எங்க?"

"இங்கதான்டா நின்னுகினு கீறேன்."

"நீ இல்லக்கா. பாட்டுல உன் மூச்சு!"

சத்துணவு அமைப்பாளரான ஷீலாக்கா, ஒவ்வொரு சரணத்துக்கு முன்னும் ஊருக்கே கேட்கும்படி மூச்சை இழுத்து, தாளத்துக்குக் கொஞ்சம் முந்தியே நுழைந்துவிடுவார். அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மற்றப் பதினேழு பேரும் வருகிறார்கள். எந்திரம் அதைக் குப்பை என்று துடைத்து, அவர் குரலையும் தாளத்தில் இழுத்து நிறுத்தியிருந்தது.

"இதுல எது சார் உங்களுது?" என்றார் அசரியா.

நான் கீபோர்டின் வயரைப் பார்த்தேன். சத்யபிரியா என்னைப் பார்த்தாள்.

"நான் அனுப்பினதே ரெண்டு தடவை ஓடின மாதிரி இருக்கு. அண்ணா, நீங்களும் அதே ஆப்பா? ஃப்ரீ வெர்ஷனா?"

"ஃப்ரீதாம்மா."

"ஏமாத்துறதுதான் ஏமாத்துறீங்க," என்றார் சவுரிமுத்து, "ஒரு நூறு ரூபா போட்டாவது ஏமாத்தக் கூடாதா சார்?"

கூடமே சிரித்தது. அசரியா மட்டும் சிரிக்கவில்லை. "சொந்தமா ஒண்ணுமே செய்யலையா?"

மூன்று நாள் நானே கலந்ததைப் பென்டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்; எடுத்துக் கொடுத்தேன். கீபோர்டு முடிந்தது. விசிலுக்கு முன் குக்கர் சீறுவதுபோல, பெட்டிக்குள் ஷீலாக்கா மூச்சை இழுத்தார். பதினெட்டு பேரும் ஒரே குரலாகப் பாடினார்கள்.

பாட்டு முடிந்ததும் அசரியா என் தோளில் கை போட்டார். "மெஷினுக்கு இது தெரியுமா? அடுத்த வருஷமும் நீங்கதான் சார். அந்த ஆப் மட்டும் வேணாம்."

ஷீலாக்கா அருகில் வந்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"பதினோரு வருஷமா எனக்காகத்தான் இத எடுக்காம வுட்டு வச்சீங்களா?"

பதினோரு வருடமும் அந்த மூச்சோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். நான்கு மைக்கிலும் அது பதிவாகிவிடும். வெட்டினால் பக்கத்தில் நிற்பவர் குரலும் போகும். ஒவ்வொரு டிசம்பரும் தோற்று, யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று அப்படியே அனுப்பிவிடுவேன்.

"ஆமாக்கா," என்றேன்.

அவர் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, உடையாத அச்சுமுறுக்காகத் தேடி எனக்கு இரண்டு எடுத்துக் கொடுத்தார்.